ஜனங்களை உசுப்பிவிட்டு ஜெயித்தவர் பழைய கொள்கைக்குத் திரும்ப முடியுமா?

மார்ச் 2, இரவு

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே போடுகிறேன்: "நல்ல கொள்கையோடு அரசியலுக்கு வந்தவர். ஓட்டுக்காக ஜனங்களை உசுப்பிவிடும் பாதைக்குப் போனார், பதவியும் கிடைத்தது. இனி அவர் பழைய ஆளாகத் திரும்ப முடியுமா? முடியும் என்பது என் கட்சி. உள்ளுக்குள் கொள்கை இருந்தால் அது எங்கேயும் போய்விடாது."

"முடியும்" என்பதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கடைசி வாக்கியம்தான் தொண்டையில் நிற்கிறது. ஒருவர் உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று நானும் நீங்களும் எட்டிப் பார்க்க முடியாது. யாரைக் கூட வைத்திருக்கிறார், யாரைத் துரத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். மீதி நாளைக்கு.

மார்ச் 3, காலை

முதலில் ஒரு வேலி போட்டுக்கொள்கிறேன். இலவசம், மானியம், கடன் தள்ளுபடி அறிவிப்பவர்களை இதில் சேர்க்கவில்லை. அது பட்ஜெட் சமாச்சாரம். சரியோ தப்போ, அடுத்த வருடமே நிறுத்திவிடலாம். நான் பாப்புலிசம் என்பது வேறு ரகம். "நாம்தான் நிஜமான ஜனங்கள், அவர்கள் துரோகிகள்" என்று சமூகத்தை இரண்டாகக் கிழித்து ஓட்டு வாங்குவது. 'அவர்கள்' என்ற இடத்தில் சிறுபான்மையினர், குடியேறியவர்கள், நீதிபதிகள், பத்திரிகைக்காரர்கள், வெளிநாட்டு வங்கிகள் என்று அந்தந்த சீசனுக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 3, இரவு

இந்தப் பேச்சில் எல்லோரும் முதலில் எடுப்பது ஜார்ஜ் வாலஸை. நானும் எடுக்கிறேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம். 1950களில் வாலஸ் ஒரு மாவட்ட நீதிபதி. நீதிமன்றத்தில் தன்னை முதன்முதலாக 'மிஸ்டர்' போட்டு அழைத்த நீதிபதி அவர்தான் என்று ஜே.எல். செஸ்ட்நட் என்ற கறுப்பின வழக்கறிஞர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து அலபாமாவில் அது சாதாரண விஷயமில்லை. 1958இல் ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்தேர்தலில் நிற்கிறார். கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அவருக்கு ஆதரவு. எதிராளி ஜான் பேட்டர்சனுக்கு, கறுப்பினத்தவர்களைத் தாக்கிவந்த வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் ஆதரவு. வாலஸ் தோற்றார்.

1962இல் ஜெயித்தார். எப்படி என்பது 1963 ஜனவரி 14 பதவியேற்பு உரையிலேயே தெரியும்: இனப்பிரிவினை இன்றைக்கும், நாளைக்கும், என்றைக்கும். அந்த உரையை எழுதியவர் ஏசா கார்ட்டர், கிளான்காரர். அதே ஆண்டு ஜூன் 11 அன்று அலபாமா பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நின்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை மறித்தார். கேமராக்களுக்கு முன்னால்தான். கூட்டாட்சி அரசு தேசியக் காவல் படையைத் தன் கைக்கு எடுத்ததும் ஒதுங்கிக்கொண்டார்.

1968இல் அதிபர் தேர்தலில் தனியாக நின்று ஐந்து மாநிலங்களைப் பிடித்தார். 1972 மே மாதம் மேரிலாந்தில் பிரசாரத்தின்போது சுடப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1979இல் மார்ட்டின் லூதர் கிங் ஊழியம் செய்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்குச் சக்கர நாற்காலியில் போய் மன்னிப்புக் கேட்டார். 1982இல் மறுபடி ஆளுநர். இந்த முறை கறுப்பின வாக்காளர்கள் பெருமளவில் அவருக்குப் போட்டார்கள். அவரும் அவர்களைப் பதவிகளில் நியமித்தார்.

ஆக, திரும்பினாரா என்றால் திரும்பினார்.

மார்ச் 4

"குண்டு பட்டுத் திருந்தினார், அவ்வளவுதானே?" என்று இருவர் கேட்கிறார்கள். சினிமாவாக எடுத்தால் அப்படித்தான் எடுப்பார்கள். நடுவே நடந்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, 1965 வாக்குரிமைச் சட்டம். அதற்கு முன் அலபாமாவில் கறுப்பினத்தவர்கள் பட்டியலில் பெயர் ஏற்றுவதே பெரும்பாடு. அதற்குப் பின் அவர்கள் ஓட்டு எண்ணிக்கையாக எழுந்து நின்றது. 1982இல் அவர்களை விட்டுவிட்டு ஜெயிப்பது கஷ்டம். மனசு மாறியதா, கணக்கு மாறியதா என்று பிரித்தெடுக்க என்னிடம் கருவி இல்லை. இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கலாம்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1970 உட்தேர்தல். ஆல்பர்ட் ப்ரூவர், ஒரு காலத்தில் வாலஸின் கூட்டாளி, ஓரளவு மிதமான ஆள். முதல் சுற்றில் ப்ரூவர் முந்திவிட்டார். இரண்டாம் சுற்றுக்கு வாலஸ் எதை எடுத்தார்? பழைய விஷத்தையே, இன்னும் கெட்டியாக. ஜெயித்தார். அதே 1970இல் ஏசா கார்ட்டரும் வாலஸை எதிர்த்து நின்றார். குற்றச்சாட்டு: வாலஸ் இன விஷயத்தில் மென்மையாகிவிட்டார்! பேச்சை எழுதிக்கொடுத்தவனே பேச்சு போதவில்லை என்று வந்து நிற்கிறான். கூட்டத்தை உசுப்பினால் கூட்டம் உங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ஏன் பின்தங்குகிறாய் என்று கேட்கும்.

மார்ச் 6

ஹங்கேரி அரசியல்வாதி ஓர்பான் பற்றி எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாக முடியாது.

1989 ஜூன் 16, புடாபெஸ்ட், வீரர்கள் சதுக்கம். 1956 புரட்சியில் பிரதமராக இருந்து பிறகு தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகிக்கு மறு அடக்கம். 26 வயது விக்டர் ஓர்பான் மேடையேறி, சோவியத் படைகள் வெளியேற வேண்டும், சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்கிறார். நாடே பார்த்தது. அதே ஆண்டு அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸின் அறக்கட்டளை உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அவருடைய ஃபிடெஸ் அப்போது இளைஞர் கட்சி. 35 வயதுக்கு மேல் உறுப்பினராக முடியாது. தாராளவாதக் கட்சி. உலகத் தாராளவாதக் கட்சிகளின் அமைப்பில் ஓர்பான் துணைத் தலைவராகக்கூட இருந்தார்.

1993இல் வயது வரம்பு போனது. கட்சியை வலப்பக்கம் திருப்பும் சண்டையில் காபோர் ஃபோடோர் தோற்று வெளியேறினார். கட்சியின் பிரபலமான தாராளவாத முகம் அவர்தான். அவரோடு இன்னும் பலர். 1994 தேர்தலில் ஃபிடெஸுக்கு 7 சதவீதம். வலப்பக்கம்தான் காலியாக இருக்கிறது என்று ஓர்பான் கணக்குப் போட்டார். 1998இல் பிரதமர். 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள், 2012இலிருந்து புது அரசியல் சட்டம், 2014இல் தாராளவாதமற்ற அரசு கட்டுகிறோம் என்று பகிரங்க உரை, 2017இல் சோரோஸ் முகத்தை ஒட்டி அரசு விளம்பரப் பலகைகள். படிக்க உதவித்தொகை கொடுத்தவர் முகம்.

எனக்குக் கேள்வி இப்படி வருகிறது. ஒரு நாள் காலையில் ஓர்பான் எழுந்து, "1989இல் நான் சொன்னதுதான் சரி" என்று முடிவு செய்கிறார் என்று வையுங்கள். யாரைக் கூப்பிடுவார்? ஃபோடோரையா? கட்சியில் இருப்பவர்கள் முழுக்க அந்த வலப்பக்கத் திருப்பத்துக்காக வந்தவர்கள். நீதிமன்ற நியமனம், ஊடக முதலாளிகள், ஒப்பந்தக்காரர்கள், எல்லாம் அதன் மேல் கட்டியது. தலைவர் மனம் மாறினால் கட்டடம் தானாக மாறாது.

மார்ச் 6, சற்றுப் பின்

யாரோ: "26 வயசுப் பேச்சை எல்லாம் கொள்கை என்று எடுத்துக்கொண்டால் நம்மில் பாதிப்பேர் இன்னும் புரட்சிக்காரர்கள்." சரிதான். என்னிடமும் அந்த வயதில் எழுதிய கவிதைகள் இருக்கின்றன, யாரும் கேட்கவேண்டாம்.

மார்ச் 9

இந்த இரண்டு நாளாக என் மனதில் ஓடுவது வாலஸும் இல்லை, ஓர்பானும் இல்லை. எங்கள் ஊழியர் சங்கத்தின் பழைய செயலாளர். சின்ன ஆள், சின்ன இடம். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தேன். மினிட் புத்தகம் எழுதியவன் நான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று வருடக்கணக்கில் அடித்துப் பேசியவர் அவர். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தீர்மானம் கொண்டுவருவார், தோற்பார், அடுத்த முறையும் கொண்டுவருவார். பிறகு ஒரு தேர்தலில் எதிர்க்கோஷ்டி பலமாகிவிட்டது. திடீரென்று அவர் பேரில் ஒரு துண்டறிக்கை வந்தது: இன்று உள்ளே வருகிறவன் நாளை உன் நாற்காலியைக் கேட்பான். நிரந்தர ஊழியர்கள் அள்ளிப் போட்டார்கள். ஜெயித்துவிட்டார்.

அடுத்த பொதுக்குழுவில் எழுந்து பழைய தீர்மானத்தையே முன்மொழிந்தார். ஜெயித்தாயிற்று, இனிச் செய்யலாம் என்று நினைத்திருப்பார். நிஜமாகவே செய்ய விரும்பினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். பின்வரிசையில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அந்தத் துண்டறிக்கையை எடுத்து, ஒரு வார்த்தை சேர்க்காமல் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். சிரிப்பு. அதையும் அவர் தாங்கிக்கொண்டார். தலைவர் "வழிமொழிகிறவர்?" என்று கேட்டார். யாரும் எழவில்லை. முன்பெல்லாம் வழிமொழிகிற ஆட்கள் துண்டறிக்கை வந்த வாரமே சங்கத்தை விட்டுப் போயிருந்தார்கள். 'வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை' என்று எழுதி அடுத்த பொருளுக்குப் போனேன்.

முன்பு தோற்ற தீர்மானம் தோற்கவாவது செய்தது. இந்த முறை ஓட்டெடுப்பு வரைக்கும்கூட வரவில்லை.

மார்ச் 9, இரவு

"நீங்கள் ஏன் வழிமொழியவில்லை?" நியாயமான கேள்வி. மினிட் எழுதுகிறவனுக்கும் உரிமை உண்டு. கோபம்தான், வேறென்ன.

மார்ச் 11

சிப்ராஸ். இவரைத்தான் முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். மற்றவர்களை வைத்து யோசித்தால் எல்லாம் இருட்டாகிவிடுகிறது.

2015 ஜனவரியில் கிரேக்கப் பிரதமர். கடன் கொடுத்தவர்கள் விதித்த சிக்கன நடவடிக்கைகளைக் கிழித்தெறிவேன் என்ற வாக்குறுதி. கூட்டணி யாரோடு? பானோஸ் கம்மேனோஸின் 'சுதந்திர கிரேக்கர்கள்' என்ற வலதுசாரித் தேசியவாதக் கட்சியோடு. இடதுசாரிக்கு இது விநோதமான துணை. கடன்காரர்களைத் திட்டுவதில்தான் இருவருக்கும் ஒற்றுமை. ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதம் 'வேண்டாம்' என்றது. வங்கிகள் மூடிக்கிடக்கின்றன, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். ஜூலை 13 அன்று கிட்டத்தட்ட அதே நிபந்தனைகளுக்கு, சிலர் கணக்கில் இன்னும் கடுமையானவற்றுக்கு, ஒப்புக்கொண்டு வந்தார். கட்சி பிளந்தது. செப்டம்பரில் மறுதேர்தல், மறுபடி ஜெயித்தார். பிரிந்து போன கோஷ்டி 3 சதவீத வரம்பைத் தாண்டாமல் வெளியே நின்றது.

இதைத் 'திரும்புதல்' என்று எண்ணக்கூடாது. பணம் தீர்ந்துபோனால் யாராக இருந்தாலும் திரும்புவார்கள். பெருவின் ஆலன் கார்சியாவும் இந்த வகை: 1985இல் ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் கடனுக்குக் கட்டமாட்டேன் என்றவர், ஆயிரக்கணக்கான சதவீதப் பணவீக்கத்தோடு 1990இல் இறங்கினார், 2006இல் திரும்பி வந்து சந்தைக்குப் பிடித்த பிள்ளையாக நடந்துகொண்டார்.

சிப்ராஸிடம் நான் சொல்ல வந்தது 2018. கிரேக்கத்தின் வடக்குப் பகுதிக்கும் அதே பெயர் என்பதால், பக்கத்து நாட்டின் பெயரில் 'மாசிடோனியா' இருக்கலாமா என்று கால் நூற்றாண்டாகச் சண்டை. கிரேக்கத்தில் இதில் விட்டுக்கொடுப்பது போல வாயைத் திறந்தால் துரோகிப் பட்டம் நிச்சயம். தெஸ்ஸலோனிகியிலும் ஏதென்ஸிலும் பெரும் பேரணிகள். 2018 ஜூனில் பிரெஸ்பா ஒப்பந்தம்: அந்த நாடு 'வடக்கு மாசிடோனியா' என்று பெயர் மாற்றிக்கொள்ளும், அது நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேரும் வழியைக் கிரேக்கம் மறிக்காது. 2019 ஜனவரியில் கம்மேனோஸ் கூட்டணியை விட்டு வெளியேறினார். ஒப்பந்தம் 300 பேர் அவையில் 153 ஓட்டுகளோடு நிறைவேறியது. ஜூலையில் சிப்ராஸ் தேர்தலில் தோற்றார்; தோல்விக்கு இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் வடக்குப் பகுதியில் இதன் அடி பலமாகவே விழுந்தது.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லமாட்டேன். மேற்கத்திய நாடுகளுக்கு அந்த ஒப்பந்தம் தேவைப்பட்டது. இருந்தாலும் தள்ளிப்போட அவருக்கு வழி இருந்தது. முந்தைய அரசுகள் எல்லாம் அதைத்தானே செய்தன. எல்லை தாண்டிய சகோதரத்துவம் என்பது அவர் சின்ன வயதிலிருந்து வளர்ந்த இடதுசாரிப் பாடம். அதற்குத் திரும்பியபோது பதவி கையில் இருந்தது, இழக்க நிறைய இருந்தது, எதிரே கூட்டம் நின்றது. வாலஸின் 1979 தேவாலயத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அப்போது வாலஸ் பதவியில் இல்லை, எந்தக் கூட்டமும் அவரை மறிக்கவில்லை.

மார்ச் 12

மேலே எழுதியதை ஒருவர் சரியாகப் பிடித்தார்: "சிப்ராஸால் முடிந்ததற்குக் காரணம், 2015இல் கம்மேனோஸை அருகில் வைத்துக்கொண்டாலும் தன் பழைய ஆட்களைத் துரத்தவில்லை. துரத்தியது இன்னும் தீவிரமானவர்களை." ஆமாம். கம்மேனோஸ் போனபோதும் அந்த 153இல் பெரும்பாலோர் தன் கட்சி ஆட்கள்தான். எங்கள் செயலாளருக்கு ஒரு வழிமொழிபவர்கூட இல்லை. இதை நான் நேற்றே எழுதியிருக்கலாம், நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

மார்ச் 15

டாம் வாட்சன் பேரையும் இழுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். இவரை வைத்துப் பேசினால் வேலியே தள்ளாடுகிறது. 1890களில் மக்கள் கட்சித் தலைவராகக் கறுப்பின விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒரே கொள்ளையில் சிக்கியவர்கள், சேர்ந்து நில்லுங்கள் என்றார். 1892இல் தனக்காகப் பிரசாரம் செய்த கறுப்பினப் போதகருக்குக் கொலை மிரட்டல் வந்தபோது, ஆயுதம் தாங்கிய விவசாயிகளைத் திரட்டிக் காவல் வைத்தார். தோற்றுத் தோற்றுக் கசந்த பின், கறுப்பினத்தவர் ஓட்டுரிமையைப் பறிக்க ஆதரவு. 1915இல் லியோ ஃபிராங்க் என்ற யூதர் கும்பலால் கொல்லப்படுவதற்கு முன் அவர் பத்திரிகை கக்கியதைப் படிக்கவே கூசும். 1920இல் செனட்டர். 1922இல் இறந்தார். திரும்பவில்லை.

அதாவது பெரும் பணத்துக்கு எதிராகச் சாமானியனைத் திரட்டுவதே அவருடைய முதல் கொள்கை. கெட்டது பின்னால் வந்து ஒட்டியது. ஆகவே 'கொள்கை முதலில், பாப்புலிசம் பிறகு' என்று கேள்வியிலேயே இருக்கும் வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. இதற்கு மேல் எனக்கு வாட்சனை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

மார்ச் 16

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் மிட் ரோம்னி பற்றிக் கேட்டவருக்குப் பதில் பாக்கி. 2012இல் டிரம்ப் ஆதரவை மேடையேறி வாங்கினார். 2016 மார்ச்சில் அதே டிரம்ப் போலி, மோசடி என்று உரையாற்றினார். அதே நவம்பரில் வெளியுறவு அமைச்சர் பதவி வருமா என்று அவரோடு இரவு விருந்து. 2018இல் செனட் வேட்பாளராக மறுபடி ஆதரவை நன்றியோடு ஏற்பு. 2020 பிப்ரவரியில் பதவிநீக்க விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று ஓட்டு. சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி ஓட்டளித்த முதல் செனட்டர். இதில் எது பழைய ரோம்னி? முழுக்க உள்ளே போகாததால் வெளியே வருவது சுலபமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். போனவர், வந்தவர் பட்டியலில் சேர்க்காமல், வாசலிலேயே நடந்துகொண்டிருந்தவர் என்று எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 19

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார்: "வாலஸை அவரால் அடிபட்டவர்களே மன்னித்துவிட்டார்கள். நீங்கள் யார் கணக்குப் பார்க்க?"

மன்னித்தது உண்மை. 1965இல் அலபாமாவின் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸ், 1998இல் வாலஸ் இறந்தபோது அவரை மன்னித்துக் கட்டுரையே எழுதினார். 1996இல் வாலஸ் தன் மனைவி லர்லீன் பேரால் அமைந்த துணிச்சலுக்கான விருதை விவியன் மலோன் ஜோன்ஸுக்குக் கொடுத்தார். 1963இல் வாசலில் மறித்த அதே மாணவிக்கு. அந்தப் பெண்மணி போய் வாங்கிக்கொண்டார். நான் அந்த இடத்தில் இருந்தால் போயிருப்பேனா என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மன்னிப்பு அவர்கள் கொடுத்தது. வாலஸ் திரும்பி வந்தது பாதி தூரம்; மீதித் தூரம் அவர்கள் எதிரே நடந்து வந்தார்கள். எங்கள் பொதுக்குழுவில் நாங்கள் யாரும் நடக்கவில்லை. அதற்கு எங்களைக் குறை சொல்லலாம். நடந்தே ஆகவேண்டும் என்று துரத்தப்பட்டவர்களிடம் கேட்க முடியாது. 'உள்ளுக்குள் கொள்கை இருந்தால் போதும்' என்பதை நான் ஒப்புக்கொள்ளாததும் இதனால்தான்.

மார்ச் 19, பின்குறிப்பு

"அப்படியானால் திருந்திவிட்டேன் என்று ஓட்டுக் கேட்டு வருபவருக்குப் போடலாமா, வேண்டாமா?" என்று நேராகக் கேட்கிறார். போடலாம். நான் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்பேன். உசுப்பிய காலத்தில் நீங்கள் போட்ட சட்டங்களில் முதலில் எதை எடுப்பீர்கள், எந்த மாதம்? அதற்காக உங்கள் இப்போதைய ஆட்களில் யார் உங்களை விட்டுப் போகப்போகிறார்கள், பேர் சொல்லுங்கள். இரண்டாவதுக்கு "யாரும் போகமாட்டார்கள், எல்லோரும் என்னோடுதான்" என்று பதில் வந்தால் என் ஓட்டு வேறு ஆளுக்கு.